பெட்ரோல் நாற்றம் வருகிறது, வண்டி கிளம்பவில்லை: பழைய ட்ரக்கில் முதலில் எங்கே கை வைப்பது?

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி கிளம்பவில்லை. நாலைந்து முறை சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து பெட்ரோல் நாற்றம் குப்பென்று வருகிறது. பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவணும்." பழைய ட்ரக் ஒன்றை வாங்கிய புதிதில் நானும் அந்தப் பேச்சைக் கேட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி மாட்டினேன். மூன்று கேஸ்கெட் வீணானதுதான் மிச்சம். கோளாறு, தீப்பொறிக்கான கரன்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் இருந்தது.

இன்ஜினுக்குள் பெட்ரோல் தேங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேவைக்கு மேல் பெட்ரோல் வருகிறது. இன்னொன்று, சரியான அளவுதான் வருகிறது, ஆனால் அதை எரிக்கத் தீப்பொறி இல்லை. இரண்டிலும் ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கும், நாற்றமும் ஒன்றுதான். அதனால் கார்புரேட்டர் மேல் பழி போடுவதற்கு முன் ஸ்பார்க்கைப் பார்த்துவிட வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்தால் அரை நாள் போகும். ஸ்பார்க் பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.

இதெல்லாம் பெட்ரோல் இன்ஜினுக்குத்தான். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. அது கிளம்பாமல் போவதற்குக் காரணங்கள் வேறு.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து, பள்ளம் இருந்தால் அதில் போய் நிற்கும். எனவே வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். சிகரெட், குண்டு பல்பு, கிரைண்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்னொருவர் செல்ஃப் அடிக்கும்போது கார்புரேட்டர் வாய்க்குள் குனிந்து பார்க்கவே பார்க்காதீர்கள். பேக்ஃபயர் ஆனால் தீ நேராக முகத்துக்குத்தான் வரும்.

அடுத்து டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஆயில் தண்ணீராய் இளகிப் பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ செல்ஃப் அடிப்பதை அங்கேயே நிறுத்துங்கள். பெட்ரோல் பிஸ்டனைத் தாண்டி அடியில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலும் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கும். அந்தச் சந்தேகத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் சுற்ற ஆரம்பித்து "டக்" என்று பாதியில் இறுகி நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். ஒரு சிலிண்டர் முழுக்கப் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்குகளைக் கழற்றாமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

தேங்கிய பெட்ரோலை வெளியேற்றுவது

இதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பது. கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்பு என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஊசி போட்டாற்போல் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். ஏற்கெனவே நனைந்து கிடக்கும் இன்ஜினுக்கு அது இன்னொரு குளியல்.

சரியான முறை இது. பெடலை ஒரே அழுத்தாகத் தரை வரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். சோக் என்பது காற்றை மறித்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் தகடு. கையால் இழுக்கிற சோக்காக இருந்தால் முழுக்க உள்ளே தள்ளிவிடுங்கள். தானியங்கி சோக் என்றால், பெடல் தரையைத் தொடும்போது ஒரு லிங்க் அந்தத் தகட்டைக் கொஞ்சம் திறந்துவிடும். இப்போது பத்து விநாடிக்கு மிகாமல் செல்ஃப் அடியுங்கள். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை. நிறையக் காற்று உள்ளே போய், தேங்கியிருக்கும் பெட்ரோலைச் சைலன்சர் வழியாகத் தள்ளிவிடும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் பெடலை மெல்ல விடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மூச்சில் அலறும். கரும்புகை கொஞ்ச நேரம் வரும், பயப்பட வேண்டாம்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்த ஆரம்ப கால ட்ரக்குகளிலும் பெரும்பாலும் இதே வித்தைதான். செல்ஃப் அடிக்கும்போது பெடல் முழுக்க அழுந்தியிருந்தால், வெள்ளம் வடிக்கச் சொல்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு இன்ஜெக்டரை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும்.

மூன்று நான்கு முறை முயன்றும் கிளம்பவில்லையா? விட்டுவிடுங்கள். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும்தான் சாகும். அப்புறம் பிளக்கைக் கழற்ற வேண்டியதுதான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்

ஒயர்களை உருவும் முன் எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டி எண் எழுதுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது. இன்ஜின் சூடாக இருந்தால் ஆறட்டும், அலுமினியம் ஹெட்டில் மரை கழன்று வந்துவிடும். கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படியே ஒரு அட்டையில் அடுக்கி வையுங்கள்.

எல்லாப் பிளக்கும் பெட்ரோலில் நனைந்திருந்தால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது: கார்புரேட்டர், சோக், பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், இவற்றில் ஒன்று. ஒன்றிரண்டு மட்டும் நனைந்து மற்றவை காய்ந்த நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரின் பிளக், ஒயர், மூடியின் அந்த முனை ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள வண்டியில் அந்த இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நனையாமல் அடுப்புக்கரி பூசியதுபோல் இருந்தால் பல நாளாகவே கலவையில் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி இடைவெளியில் குதிக்காமல் கரி வழியாகவே எர்த்துக்கு ஓடிவிடும். அப்படிப்பட்ட பிளக்கைத் துடைத்து மாட்டுவதைவிடப் புதிது போடுவது நல்லது. எல்லாமே காய்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம், பெட்ரோல் வராத கதை அது.

பிளக் வெளியே இருக்கும்போதே துவாரங்கள் வழியாகப் பெட்ரோலை வெளியேற்றலாம். ஆனால் முதலில் காயிலுக்குப் போகும் மின் இணைப்பைக் கழற்றுங்கள். துவாரத்திலிருந்து பெட்ரோல் தெளிக்கும்போது எங்காவது ஒரு பொறி தட்டினால் போதும், தீப்பிடித்துவிடும். துவாரங்கள் மேல் ஒரு துணியைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று, சில விநாடி மட்டும் செல்ஃப் அடித்தால் போதும். ஒரு மணி நேரம் திறந்தே விடுங்கள், மீதி ஆவியாகிவிடும்.

இன்னொன்று. வெகுநேரம் பெட்ரோலில் ஊறிய சிலிண்டரின் சுவரில் ஆயில் கழுவப்பட்டுவிடும். ரிங் அடைப்பு விட்டு கம்ப்ரெஷன் இறங்கும். எல்லாம் சரிசெய்தும் இன்ஜின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டால் சரியாகிவிடும். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வரும், அவ்வளவுதான்.

ஸ்பார்க்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதலில் பேட்டரி. நிற்கும்போது 12.6 வோல்ட் சுற்றி இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ கேபிளோ சரியில்லை. செல்ஃப் மோட்டார் இருக்கிற கரன்டையெல்லாம் இழுத்துக்கொண்டால் காயிலுக்கு மிச்சம் இருக்காது. வண்டி சுற்றும், பெட்ரோலை உறிஞ்சும், பொறி மட்டும் வராது. ஓவர்ஃப்ளோ என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் இந்த விஷயம் நினைப்பதைவிட அதிகம்.

பொறியைப் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை ஒயரில் மாட்டி இன்ஜின் மேல் வைத்துப் பார்ப்பதும் உண்டு, ஆனால் பெட்ரோல் ஆவி சூழ்ந்திருக்கும்போது அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. டெஸ்டரிலும், எல்லாப் பிளக்கையும் திரும்ப மாட்டி நாற்றம் போன பிறகுதான். பொறி நீலமாக, "டிக் டிக்" என்று கேட்கும்படி வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் அது பலவீனமான பொறி. வெளிக்காற்றில் எப்படியோ குதித்துவிடும், சிலிண்டருக்குள் கம்ப்ரெஷனில் அணைந்துபோகும்.

பலவீனமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். என் வண்டியில் பகலில் இரண்டு முறை பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்த்தபோதுதான், மூன்றாவது முனைக்கும் நடு முனைக்கும் இடையே யாரோ கூரான பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்பு இழை ஒன்று கண்ணில் பட்டது. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. கரன்ட் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஈரக்காற்று அடிக்கும் நாளில் மட்டும் வண்டி மக்கர் பண்ணியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இருட்டில் செல்ஃப் அடித்துப் பார்த்தாலும் இப்படிப்பட்ட மூடிகளும் விரிசல் விட்ட ஒயர்களும் நீலமாக மினுங்கிக் காட்டிக்கொடுக்கும்.

பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரன்டைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) உள்ள பழைய டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயிண்ட் முகம் கருகியிருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி பல வண்டிகளில் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவைக் கையேட்டில் பார்த்து ஃபீலர் கேஜ் வைத்து அளவுபடுத்துங்கள். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டன்சரை மாற்றுங்கள், விலையும் குறைவு, வேலையும் குறைவு.

சாவியைத் திருப்பும்போது இரண்டு விஷயங்களைக் காதால் கவனிக்கச் சொல்வேன். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறதா? காயிலுக்கு முன்னால் இருக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். ஓடும்போது கரன்ட் அதன் வழியாகத்தான் போகும், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டி முழு பேட்டரி வோல்டேஜ் காயிலுக்குப் போகும். இதற்கு நேர்மாறாக, செல்ஃப் அடிக்கும்வரை ஒன்றுமில்லாமல் சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் "புர்" என்று ஒரு உயிர் வருகிறதா? அந்தக் குறுக்குவழி ஒயரில் கரன்ட் வரவில்லை. இது தெரியாமல் சோக்கை இழுத்து இழுத்து வண்டியை நனைப்பவர்கள் நிறைய.

ஸ்பார்க் நன்றாக இருந்தால்: எப்போது நனைகிறது?

இப்போது பெட்ரோல் பக்கம் வரலாம். இங்கேயும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி. எப்போது நனைகிறது? காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, ஓட்டி நிறுத்திக் கால் மணி நேரம் கழித்தா, எப்போதுமா?

காலையில் மட்டும் என்றால் சோக்கைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். அடைத்துப்போன ஃபில்டரே சோக் வேலையைச் செய்யும், அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் பெடலை ஒரு முறை மிதித்து விட்டால் தானியங்கி சோக் தகடு மூடிக்கொள்ள வேண்டும். இன்ஜின் பிடித்த உடனே அது சில மில்லிமீட்டர் திறக்க வேண்டும். அப்படித் திறந்துவிடுவது வேக்யூமில் இயங்கும் ஒரு சின்ன டயாஃப்ரம். அது கிழிந்திருந்தால் இன்ஜின் பிடித்த இரண்டு விநாடியில் மூச்சுமுட்டி, கரும்புகை விட்டு நின்றுவிடும். இன்ஜின் சூடேறியபின் தகடு செங்குத்தாக முழுக்கத் திறந்திருக்க வேண்டும். எலக்ட்ரிக் சோக்கில் ஒயர் கழன்றிருந்தால் தகடு திறக்காது, அல்லது வெகு தாமதமாகத்தான் திறக்கும்.

ஓட்டி நிறுத்தி, பதினைந்து இருபது நிமிஷம் கழித்துக் கிளப்பும்போது மட்டும் என்றால், இன்ஜின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். பெடலைப் பாதி அழுத்திப் பிடித்துக் கிளப்பினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். அடிக்கடி நடந்தால் கார்புரேட்டருக்கு அடியில் சூடு தடுக்கும் தடித்த ஸ்பேசர் இருக்கிறதா, பெட்ரோல் பைப் எக்சாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். ஆனால் சூட்டில் காயிலும் இக்னிஷன் மாட்யூலும்கூடப் படுத்துவிடும். எனவே வண்டி மக்கர் பண்ணும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க்கைப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நல்லபிள்ளையாக இருக்கும்.

டேங்கை விளிம்பு வரை நிரப்பிய பிறகு மட்டும் இந்தத் தொல்லை வருகிறதா? பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவில் திரவப் பெட்ரோலே ஏறியிருக்கலாம். அதிலிருந்து இன்ஜினுக்கு வரும் ஹோசைத் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எப்போதுமே நனைகிறது என்றால் பிளோட் (கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் மிதவை), நீடில் வால்வு (மட்டம் ஏறியதும் பிளோட் தள்ளி வரத்தை அடைக்கும் ஊசி), பம்பு பிரஷர் மூன்றில் ஒன்று. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். நிறுத்திச் சில நிமிஷம் ஆகியும் நடுவிலிருக்கும் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் கிண்ணத்தில் மட்டம் ஏறியிருக்கிறது. பெட்ரோல் உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்தில், ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெதுவாக நாலு தட்டுத் தட்டுங்கள். நீடிலில் மாட்டிய தூசு சில நேரம் அதிலேயே விலகிவிடும். சொட்டு நின்றால் காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தூசு எங்கிருந்து வந்தது? பழைய ரப்பர் ஹோஸ் எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்ளுக்குள் உரிந்து துகள் துகளாக வரும். ஹோசையும் ஃபில்டரையும் மாற்றாவிட்டால் அடுத்த வாரம் இதே இடத்தில் நிற்பீர்கள்.

கார்புரேட்டர் மூடியைத் திறந்தால் பிளோட்டை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே "சளக்" என்றால் பித்தளைப் பிளோட்டில் ஓட்டை. பஞ்சு போன்ற பிளாஸ்டிக் பிளோட் குலுக்கினால் சத்தம் வராது, அது பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போயிருக்கும். விரல் நகத்தை அழுத்தினால் பெட்ரோல் கசியும். நீடிலின் நுனியில் வளையம்போல் தேய்மானம் இருந்தால் அது உட்காரும் சீட்டோடு சேர்த்து மாற்றுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரை மறந்துவிடாதீர்கள், புது நீடில் போட்டும் ஒழுகுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். பிளோட் மட்டத்தைக் கையேட்டின் அளவுப்படி வையுங்கள், கண்மதிப்பில் வைக்க வேண்டாம்.

எல்லாம் புதிதாகப் போட்டும் ஒழுகினால் பம்பு பிரஷரை அளந்து பாருங்கள். கார்புரேட்டருக்குப் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். முன்பு வைத்திருந்தவர் இன்ஜெக்‌ஷன் வண்டியின் எலக்ட்ரிக் பம்பைத் தூக்கிப் போட்டிருந்தால், அதன் அழுத்தத்துக்கு எந்த நீடிலும் தாங்காது.

இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால்

சுருக்கமாக மூன்று இடம். கூலன்ட் வெப்ப சென்சார் முதலாவது. பல சென்சார்கள் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம் வரையும், நன்றாகச் சூடேறிய இன்ஜினில் சில நூறு ஓமும் காட்டும். ஒயர் அறுந்திருந்தால் வெளியே கடுங்குளிர் என்று கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். இரண்டாவது, பிரஷர் ரெகுலேட்டர். அதன் வேக்யூம் ஹோசை உருவிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு சோதனையே வேண்டாம். மூன்றாவது, ஒழுகும் இன்ஜெக்டர். இன்ஜினை நிறுத்தியதும் கேஜில் பிரஷர் சரசரவென்று இறங்கினால் சந்தேகப்படலாம். கார்புரேட்டர் இடத்தில் இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் வகை வண்டியில் கண்ணாலேயே சொட்டைப் பார்த்துவிடலாம்.

மாட்டிய பிறகு

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மூடி, பிளக், நீடில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி கிளம்பும், எது காரணம் என்று மட்டும் கடைசிவரை தெரியாது. ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் கிளப்புவதற்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் தேங்கியிருக்கும், அதனால் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சர் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியை அந்த நிலையில் காய்ந்த புல் மேல் நிறுத்தவும் வேண்டாம், அது பயங்கரமாகச் சூடேறும்.

கிளம்பியதும் அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, இருபது நிமிஷம் கழித்து ஒரு முறை கிளப்பிப் பாருங்கள். மறுநாள் காலை குளிரில் இன்னொரு முறை. அப்புறம் முன்பு நனைந்து கிடந்த பிளக்குகளில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாகக் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. மறுபடி கரி படிந்திருந்தால் பிளோட் மட்டத்திலிருந்து தொடங்குங்கள்.